தாத்தா பெட்டியில் ஜெர்மன் பேனாக்கத்தி இருக்கா? காயலான் கடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பித்தளை அண்டா, குத்துவிளக்கு எல்லாம் பங்கு பிரித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி. உள்ளே ஒரு பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், கூடவே விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த ஒரு மடக்குக் கத்தி. "இது எதுக்கு? இரும்போட இரும்பா போட்டுடு" என்று சொல்லி அந்தக் கத்தியும் காயலான் கடை தராசில் ஏறிவிடுகிறது.

அந்தக் கத்தியின் அலகைத் துடைத்துப் பார்த்திருந்தால், ஒருவேளை 'சோலிங்கன்' என்ற எழுத்துகள் தெரிந்திருக்கும். உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் தேடும் பெயர் அது. பழைய நாணயம், தபால்தலை போலவே ஜெர்மன் மடக்குக் கத்திகளைச் சேர்ப்பதும் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு.

அப்படி என்ன இருக்கிறது அந்தக் கத்தியில்? எப்படி அடையாளம் காண்பது? வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? லட்சக்கணக்கில் விலை போகும் என்று வரும் வீடியோக்களை நம்பலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

சோலிங்கன் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், டுசல்டார்ஃப் நகருக்குப் பக்கத்தில், வுப்பர் ஆற்றை ஒட்டிய ஊர் சோலிங்கன். 1374-ல் நகர உரிமை பெற்றது. நம்ம ஊரில் சுவாமிமலை என்றால் ஐம்பொன் சிலை, நாச்சியார்கோவில் என்றால் குத்துவிளக்கு என்று சொல்வது போல, ஐரோப்பாவில் சோலிங்கன் என்றால் கத்தி. 'கத்தி நகரம்' என்பதை 2012 முதல் அதிகாரப்பூர்வமாகவே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது அந்த ஊர். வாள், கத்தி, கத்தரிக்கோல் ஆகியவற்றுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகமும் அங்கே, கிராஃப்ராத் பகுதியில், பழைய மடம் ஒன்றில் இயங்குகிறது.

இந்தத் தொழில் அங்கே வளர ஆறுதான் காரணம். ஓடும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் சாணைக்கல்லைச் சுற்றியது. ஒரு வீட்டில் அடிப்பு, இன்னொரு வீட்டில் சாணை, வேறொரு வீட்டில் கைப்பிடி பொருத்துவது என வேலையைப் பிரித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள்.

பீட்டர் ஹென்கெல்ஸ் என்பவர் 1731-ல் இரட்டையர் உருவத்தைத் தன் முத்திரையாகப் பதிவு செய்தார். இன்றும் அந்த இரட்டையர் சின்னத்தோடு கத்திகள் வருகின்றன. மரச் சின்னம் கொண்ட போக்கர் நிறுவனம் 1869-ல் தொடங்கியது.

சுவிஸ் ராணுவக் கத்தி எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுவிட்சர்லாந்து ராணுவம் வாங்கிய முதல் தொகுதி மடக்குக் கத்திகள் சோலிங்கனில் உள்ள வெஸ்டர் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. அதற்குப் பிறகுதான், 1891-ல், கார்ல் எல்சனர் என்ற சுவிஸ் கத்திக் கலைஞர் உள்நாட்டிலேயே செய்துகொடுக்கத் தொடங்கினார்.

'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரை ஏன் வந்தது?

இன்று தரத்தின் அடையாளமாகப் பார்க்கப்படும் இந்த வார்த்தை, முதலில் ஒரு எச்சரிக்கையாக வந்தது.

19-ம் நூற்றாண்டில் கத்திக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். அந்த ஊர்ப் பெயரைப் போட்டு ஜெர்மன் கத்திகள் விற்கப்படுவதாக ஷெஃபீல்ட் முதலாளிகள் புகார் கிளப்பினார்கள். 1887-ல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுப் பெயரில் ஏமாற்றக் கூடாது, எந்த நாட்டில் செய்தது என்று தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு வருடத்தில், 1889-ல், பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் அதே மாதிரி சட்டம் வந்தது.

ஆங்கிலேயர் நினைத்தது, ஜெர்மன் என்று தெரிந்தால் மக்கள் வாங்க மாட்டார்கள் என்று. நடந்தது தலைகீழ். விலையும் குறைவு, தரமும் இருந்ததால், முத்திரையைப் பார்த்தே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச காலத்தில் சோலிங்கன் பெயரையே மற்றவர்கள் திருட ஆரம்பித்தார்கள். 1938-ல் ஜெர்மனி தனிச் சட்டம் போட்டு, அந்த வட்டாரத்தில் உண்மையிலேயே தயாரான பொருளுக்கு மட்டும்தான் 'சோலிங்கன்' என்று போடலாம் என்று கட்டுப்படுத்தியது. இப்போது 1994-ம் ஆண்டு ஆணை அந்தப் பெயரைப் பாதுகாக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, கிட்டத்தட்ட அதே மாதிரியான பாதுகாப்பு.

காவிரிக் கரைக்கு ஜெர்மன் கத்தி எப்படி வந்தது?

ஐரோப்பிய அலகு டெல்டாவுக்குப் புதிதல்ல. தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்த கட்டாரிகள் பலவற்றில், கைப்பிடி நம்ம ஊர் வேலை, அலகு ஐரோப்பிய வாளிலிருந்து எடுத்துப் பொருத்தியது. இப்படி வெளிநாட்டு அலகு பொருத்திய வாளுக்கு இந்தியாவில் 'ஃபிரங்கி' என்றே பெயர். கடல் வழியாக வந்த அந்த அலகுகளில் சோலிங்கன் சரக்குக்கும் பங்கு உண்டு.

அந்தக் கிடங்குக்கு என்ன ஆனது? 1855-ல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்த பிறகு அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. பின்னர் ஆயுதங்களில் சில மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுக்கி எடுக்கப்பட்டன. மிச்சம் பெரும்பாலானவை உடைத்து, பழைய உலோகமாகக் கழிக்கப்பட்டன. தப்பியவற்றை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்திலும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் பார்க்கலாம்.

பேனாக்கத்தி, சவரக் கத்தி, கத்தரிக்கோல் மாதிரியான சில்லறைச் சாமான்கள் வந்தது அதற்கு அப்புறம், கப்பல் சரக்காக. 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் சரக்கு நின்றது. அந்தச் செப்டம்பரில்தான் 'எம்டன்' கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. போர் முடிந்து வியாபாரம் திரும்பியது, 1939-ல் மறுபடி நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அப்போது இன்னொரு வழி இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே 'ரஜுலா' போன்ற கப்பல்கள் ஓடிய காலம் அது. சம்பாதிக்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது தகரப் பெட்டியில் கொண்டு வந்த 'ஃபாரின் சாமான்' பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாத்தா பெட்டியில் கத்தி கிடைத்தால், அவர் எங்கே வேலை பார்த்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

நம்மிடமும் ஒரு மடக்குக் கத்தி இருந்தது!

'பேனாக்கத்தி' என்ற பெயருக்குக் காரணம், இறகுப் பேனாவின் முனையைச் சீவ அதைப் பயன்படுத்தியதுதான். தமிழ்நாட்டில் இறகுக்குப் பதில் ஓலை. ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி வேண்டும், எழுத எழுத்தாணி வேண்டும். இரண்டையும் ஒரே கைப்பிடிக்குள் மடக்கி வைப்பது போலச் செய்த கருவிதான் மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று எழுத்தாணியில் வகைகள் உண்டு.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசுக் கல்லூரியில்தான் தமிழ் ஆசிரியர். அவர் ஓலைச் சுவடியிலிருந்து சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது 1887-ல். 'மேட் இன் ஜெர்மனி' முத்திரைக்குக் காரணமான சட்டம் வந்த அதே வருடம். ஓலை போய் காகிதம் வந்தது, எழுத்தாணி போய் பேனா வந்தது, மடக்கெழுத்தாணி இருந்த இடத்துக்குப் பேனாக்கத்தி வந்தது.

ஆகவே பெட்டியில் இருப்பது ஜெர்மன் கத்தியாக இல்லாமல், ஒரு பக்கம் கூரான ஊசி, மறுபக்கம் சின்ன அலகு என்று இருந்தால், அது இன்னும் அபூர்வமான பொருளாக இருக்கலாம். அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

கத்தியை முழுதாகத் திறந்து, அலகு கைப்பிடியோடு சேரும் தட்டையான இடத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், சின்னம், ஊர் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் போதும். வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

சின்னங்கள்: இரட்டையர் என்றால் ஹென்கெல்ஸ். மரம் என்றால் போக்கர். சீட்டுக்கட்டில் வரும் இஸ்பேட் வடிவம் என்றால் ஹெர்டர். பாயும் பூனை உருவமும் 'கே 55 கே' என்ற எழுத்தும், கறுப்புத் தகடு மடித்த மெல்லிய கைப்பிடியும் இருந்தால் அது காஃப்மன் நிறுவனத்தின் 'மெர்கேட்டர்' கத்தி. சட்டைப் பையில் வைக்கத் தோதாக இருந்ததால் பல நாடுகளில் சாமானிய மக்கள் வைத்திருந்த கத்தி அது. இன்றும் தயாராகிறது.

வயதைக் கணிக்க முத்திரையே உதவும்.

* 'வெஸ்ட் ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலம்.

* 'டி.ஆர்.பி.' என்றால் பழைய ஜெர்மன் பேரரசின் காப்புரிமை, 1877-க்குப் பிந்தையது. 'டி.ஆர்.ஜி.எம்.' என்றால் பதிவு செய்த வடிவம், 1891-க்குப் பிந்தையது. இரண்டும் இரண்டாம் உலகப் போரோடு முடிந்த முறைகள்.

* 'ரோஸ்ட்ஃப்ரை' என்ற ஜெர்மன் வார்த்தைக்குத் துருப்பிடிக்காதது என்று பொருள். துருப்பிடிக்காத எஃகுக்கு ஜெர்மனியில் காப்புரிமை வந்ததே 1912-ல்தான். அதனால் இந்த வார்த்தை உள்ள கத்தி அதற்குப் பிந்தையது.

* நாட்டின் பெயரே இல்லை என்றால் 1887-க்கு முந்தையது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. உள்நாட்டில் விற்ற கத்திகளுக்கு அந்த முத்திரை கட்டாயம் இல்லை.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சோலிங்கன் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எழுத்துப்பிழை இருக்கிறதா, சின்னம் அலகில் ஆழமாக அடிக்கப்பட்டதா அல்லது மேலாகப் பொறித்ததா என்று பாருங்கள். கைப்பிடி பளபளவென்று புதிதாகவும் அலகு பழையதாகவும் இருந்தால், இரண்டு கத்தியைச் சேர்த்து ஒன்றாக்கியதாக இருக்கலாம்.

நல்ல நிலையில் உள்ள கத்தி திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று உட்காரும். அலகு இடவலமாக ஆடக் கூடாது. மூடிய பிறகு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அலகு ஒல்லியாகத் தேய்ந்திருந்தால் பலமுறை சாணை பிடித்தது என்று அர்த்தம், மதிப்பும் குறையும்.

லட்சக்கணக்கில் விலை போகுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஒற்றை அலகுக் கத்திகள் லட்சக்கணக்கில் தயாரானவை. பழையது என்பதாலேயே பெரிய விலை வராது. நிறுவனம், வடிவம், எத்தனை அலகு, கைப்பிடியின் பொருள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தியின் நிலை ஆகியவைதான் விலையை முடிவு செய்கின்றன. வாங்கியபோது வந்த பெட்டியோ ரசீதோ இருந்தால் மதிப்பு கூடும்.

"உங்க கத்தியை 10 லட்சத்துக்கு எடுத்துக்கிறோம், முதல்ல பதிவுக் கட்டணம் அனுப்புங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பழைய நாணயம், நோட்டு விஷயத்தில் இதே மாதிரி கட்டணம், வரி என்று கேட்டு ஏமாற்றுவதாக ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. வாங்க வருபவர் விற்பவரிடம் பணம் கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

வைத்திருப்பது சட்டப்படி குற்றமா?

ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகியவற்றின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுத வகையில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கானவை இதில் சேராது. சட்டைப் பையில் அடங்கும் பேனாக்கத்தி பொதுவாக இந்த அளவுக்குள் வராது.

ஆனால் அரசு, பகுதி வாரியாகத் தனி அறிவிப்பு போட முடியும். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகளுக்கு டெல்லியில் 1980-லேயே கடுமையான அளவுக் கட்டுப்பாடு வந்தது. எனவே பொத்தான் கத்தி கிடைத்தால் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். எந்தக் கத்தியாக இருந்தாலும், தடை உத்தரவு அமலில் இருக்கும்போது, கூட்டமான திருவிழாவில், பையில் போட்டுக்கொண்டு போவது வம்பை விலைக்கு வாங்குவது. விமானத்தில் கைப்பைக்குள் அனுமதி கிடையாது.

கைப்பிடியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். யானைத் தந்தம் என்றால் வாங்குவதும் விற்பதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் குற்றம். மான் கொம்பும் இந்தச் சட்டத்துக்குள் வரும். இந்தியக் கடமான் கொம்பு ஒரு காலத்தில் ஷெஃபீல்டுக்கும் சோலிங்கனுக்கும் கைப்பிடிக்காகக் கப்பலில் போனது. நம்ம காட்டு மான் கொம்பு, ஜெர்மன் கத்தியாகித் திரும்பி வந்திருக்கலாம். அப்படிப்பட்ட கத்தியை விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள்.

100 வருடத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் தொல்பொருள் சட்டம் 1972 குறுக்கே வரலாம். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருந்து ஆள் கேட்டால், பார்சல் போடும் முன் தொல்லியல் துறையிடம் விளக்கம் பெறுவது நல்லது.

சோலிங்கனிலேயே இந்தக் கேள்வி சூடாகத்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று, நகரத்தின் 650-வது ஆண்டு விழாவில் நடந்த கத்திக்குத்துத் தாக்குதலில் 3 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனி கத்திச் சட்டங்களை இறுக்கியது. திருவிழா போன்ற பொது நிகழ்ச்சிகளுக்குக் கத்தி கொண்டுவரத் தடை வந்தது. கத்தியால் வாழ்ந்த ஊரில் இன்று விழாவுக்குக் கத்தி கொண்டு போக முடியாது.

எப்படிப் பராமரிப்பது?

முதல் விதி, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்குச் சரிப்படும் வேலை இங்கே ஆகாது. புளி, எலுமிச்சை அமிலம் எஃகை அரிக்கும்.

இரண்டாவது, தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் வேலையில் குறை இல்லை. சுற்றும் கல்லில் வைத்தால் அலகின் பழைய உருவம் போய்விடும், முத்திரையும் தேயலாம். சேகரிப்பாளருக்குக் கூர்மையைவிட முத்திரை முக்கியம்.

அலகில் உள்ள சாம்பல், நீலக் கருமை நோய் அல்ல. பழைய எஃகில் காலப்போக்கில் படிவது, அதை விட்டுவிடலாம். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மடங்கும் இடத்தில் இன்னொரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும்.

தோல் உறைக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா வீடுகளில் சுவரே வியர்க்கும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடவே போட்டு வைக்கலாம்.

பளிச்சென்ற நிறத்தில், ஆமையோடு போலவோ முத்துச் சிப்பி போலவோ கைப்பிடி இருந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். பழசான செல்லுலாய்டிலிருந்து வரும் அமில வாயு பக்கத்தில் உள்ள கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். சீக்கிரம் தீப்பிடிக்கவும் செய்யும். தனியாக, காற்றோட்டமாக, பூஜை அறை விளக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

கத்தி கிடைத்தவுடன் துடைக்கும் முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். முத்திரையை நெருக்கமாக எடுங்கள். யாருடையது, எங்கே வாங்கியது, எதற்குப் பயன்படுத்தினார் என்று பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு, ஒரு தாளில் எழுதி, கத்தியோடு சேர்த்து வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

அப்புறம் விற்பதா, வைத்திருப்பதா என்று ஆற அமர முடிவு செய்யலாம். காயலான் கடை நாளைக்கும் திறந்திருக்கும்.